மின்னஞ்சல் கேள்வி பதில்: கடிதங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்

மெயிலைச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். ‘எப்படி?’ என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சந்தோஷம். ரொம்ப நாளாக விரிவாக எழுத நினைத்த விஷயம் இது.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். பல ஆண்டுகளாக ஒரே இலவச மெயில் கணக்குதான். அண்மையில் ‘சந்தேகத்துக்குரிய நடவடிக்கை’ என்று சொல்லிக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் திறந்தது. ஒப்பந்தங்கள், திருத்தப் படிகள், பதிப்பாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. மொத்தத்தையும் என் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். பிரவுசரிலேயே மெயில் பார்த்துப் பழகியவர்களுக்கு, மெயில் என்றால் அந்த நிறுவனத்தின் தளம்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் மெயில் அந்தத் தளங்களைவிட மூத்தது. சர்வரில் வந்து கிடக்கும் கடிதத்தை நம் கணினிக்கு எடுத்துவரும் ‘பாப்’ முறை 1984இலேயே வந்துவிட்டது. அதன் மூன்றாம் வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் ‘ஐமேப்’ முறையை உருவாக்கினார். இரண்டுமே பொது விதிகள், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. இவற்றை அறிந்த எந்த நிரலும் இவற்றை அனுமதிக்கும் எந்த சர்வரோடும் பேசும். நீங்கள் கேட்பது சாத்தியமாவது இதனால்தான்.

பாப் கடிதத்தை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பொதுவாக அதற்கு இன்பாக்ஸ் மட்டுமே தெரியும். நீங்கள் அனுப்பிய கடிதங்களும் பிரித்து வைத்த ஃபோல்டர்களும் தெரியாது. ஐமேப்புக்கு எல்லா ஃபோல்டர்களும் தெரியும். பல ஆண்டுச் சேகரத்தை முழுதாக எடுக்க வேண்டிய உங்களுக்கு ஐமேப்தான்.

தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலை நிறுவுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகவரியைக் கொடுத்ததும் பெரிய சேவைகளுக்கான சர்வர் விவரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சிறு ஜன்னல் திறந்து, உங்கள் மெயில் நிறுவனத்தின் பக்கத்திலேயே உள்நுழையச் சொல்லும். வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி நிரல்கள் உள்ளே வருவதை கூகுள் 2022 மே இறுதியிலும், மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரிலும் நிறுத்திவிட்டன. பழைய வழிகாட்டிகளைப் படித்து ‘பாஸ்வேர்டு சரியாகத்தானே போடுகிறேன்’ என்று தவிக்கிறவர்கள் பலருக்கும் சிக்கல் இதுதான்.

கணக்கு சேர்ந்ததும் அக்கவுன்ட் செட்டிங்ஸில் ‘சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போய், எல்லா ஃபோல்டர்களின் கடிதங்களையும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தில் பழைய கடிதங்களை அழிக்காதே என்ற தெரிவும் இருக்கும். அதுவும் தேர்வாகியிருக்க வேண்டும். பிறகு கணினியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஜிமெயிலாக இருந்தால் ஐமேப் வழியே ஒரு நாளைக்கு 2500 எம்.பி.தான் இறக்கலாம்; தாண்டினால் சிறிது நேரம் கதவை மூடிவிடும். சேகரம் பெரிதென்றால் அவசரப்படாமல் சில நாட்களுக்குப் பிரித்து இறக்குங்கள். ஜிமெயிலின் லேபிள்கள் இங்கே ஃபோல்டர்களாகத் தெரியும் என்பதால், இரண்டு லேபிள் ஒட்டிய கடிதம் இரண்டு இடத்தில் தென்படும். பதற வேண்டாம்.

எல்லாம் இறங்கிவிட்டது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஐமேப் வழியே இறங்கியிருப்பது சர்வரில் இருப்பதன் பிம்பம்தான். சர்வரில் ஒரு கடிதம் அழிந்தால், அடுத்த முறை இணையத்தோடு சேரும்போது உங்கள் கணினியிலும் அழியும். அதனால் தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் கடைசியாக இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, கடிதங்களை அதற்குள் நகல் எடுங்கள். ‘காப்பி’ கொடுங்கள், ‘மூவ்’ வேண்டாம். லோக்கல் ஃபோல்டர்ஸுக்கும் எந்த சர்வருக்கும் தொடர்பில்லை. அங்கே போனால்தான் கடிதம் உங்களுடையது.

முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, அங்கே இருப்பதிலேயே பழைய ஆண்டின் ஃபோல்டரைத் திறந்து, அட்டாச்மென்ட் உள்ள ஒரு கடிதத்தைச் சொடுக்கிப் பாருங்கள். இணைப்புக் கோப்பு முழுதாகத் திறக்க வேண்டும். தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளே வெறுமையாக இருந்தால் இன்னும் இறங்கவில்லை என்று பொருள்.

கேள்வி: ஃபோனில் ஒரு மெயிலை அழித்தால் லேப்டாப்பிலும் காணாமல் போகிறது. இது கோளாறா?

கோளாறு இல்லை. மேலே சொன்ன ஐமேப்பின் இயல்பு. வேண்டிய கடிதத்தை முதலில் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல் எடுத்துவிட்டு, ஃபோனில் தாராளமாக அழியுங்கள்.

கேள்வி: பழைய அலுவலகக் கணினியிலிருந்து எடுத்த பி.எஸ்.டி. கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். எல்லா மெயிலும் அதில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாமா?

பாதி நிம்மதி. பி.எஸ்.டி. என்பது அவுட்லுக் நிரலின் சொந்த வடிவம். கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்புக்குள் ஒரு தரவுத்தளம் போல அடைந்திருக்கும். சாதாரண எடிட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. படிக்க ஒரு நிரல் எப்போதும் தேவை. எம்பாக்ஸ், மெயில்டிர் என்ற இரண்டு பொது வடிவங்களில் ஒன்றுக்கு மாற்றி இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எம்பாக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் முழுதும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இருக்கும். ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் புதிய கடிதம் ஆரம்பம். கடிதத்தின் உள்ளேயே யாராவது ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கியிருந்தால், அதன் முன்னால் ‘>’ என்ற அம்புக்குறியைப் போட்டுவைப்பார்கள். பழைய ஆங்கில மெயில்களில் காரணமில்லாமல் அந்தக் குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுதான் விஷயம். தண்டர்பேர்டு வழக்கமாகச் சேமிப்பது எம்பாக்ஸில்தான். நம் தரவை நகலெடுத்துத் தரும் கூகுளின் டேக்அவுட் வழியே ஜிமெயில் முழுவதையும் கேட்டாலும் எம்பாக்ஸாகவே தருகிறார்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் அதன் லேபிள்களும் எழுதப்பட்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது மெயில்டிர். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் என்ற மெயில் சர்வர் நிரலுக்காக வகுத்த முறை. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘டெம்ப்’, ‘நியூ’, ‘கர்’ என்று மூன்று உள்ஃபோல்டர்கள். வந்துகொண்டிருக்கும் கடிதம் முதலாவதில் எழுதப்பட்டு, முழுதாக எழுதி முடிந்ததும் இரண்டாவதுக்கு நகரும், நிரல் பார்த்துவிட்டால் மூன்றாவதுக்கு. நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கடிதம் மற்றவற்றோடு கலக்காது. கோப்புப் பெயரின் கடைசியில் ‘எஸ்’ இருந்தால் படித்தது, ‘ஆர்’ இருந்தால் பதில் போட்டது. ஒரு கோப்பு கெட்டால் ஒரு கடிதம்தான் போகும். பேக்கப் எடுக்கும்போதும் புதிதாக வந்த கோப்புகள் மட்டும் நகலாகும். எம்பாக்ஸில் ஒரு கடிதம் கூடினாலே கோப்பு முழுதும் மாறியதாகத்தான் பேக்கப் நிரல் நினைக்கும்.

மெயில்டிரில் ஒரு தொல்லை உண்டு. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் அதை ஏற்காது. விண்டோஸில் பயன்படும்படி ஃபார்மேட் செய்த வெளி டிஸ்க்கில் நகலெடுக்கும்போது பிழை வரும். முதலில் மொத்த ஃபோல்டரையும் ‘டார்’ என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டி, பிறகு நகலெடுங்கள்.

கேள்வி: அப்பா காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் லேப்டாப்பில் தண்டர்பேர்டு இருக்கிறது. அதில்தான் மெயில் பார்ப்பார். அவர் எழுதிய கடிதங்களைக் காப்பாற்ற வேண்டும். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எதையும் தொடாமல் விட்டதே பெரிய உதவி. அவசரமே வேண்டாம், நான் சொல்கிற வரிசையில் செய்யுங்கள்.

லேப்டாப்பை இயக்குமுன் வீட்டின் இணைய ரவுட்டரை அணைத்துவிடுங்கள். லேப்டாப் இணையத்தோடு சேரவே கூடாது. சர்வரில் ஏதாவது அழிந்திருந்தால், சேர்ந்த மாத்திரத்தில் இங்கேயும் அழித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. தண்டர்பேர்டை இப்போது திறக்காதீர்கள். முதலில் கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். விண்டோஸில் அது பயனர் ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’, அதற்குள் ‘தண்டர்பேர்டு’ என்ற இடத்தில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும்; மறைந்த கோப்புகளைக் காட்டும்படி சொன்னால் தெரியும். நகலெடுத்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். இனி என்ன ஆனாலும், அப்பாவின் லேப்டாப்பில் இன்று இருப்பது இருந்தபடியே உங்களிடம் இருக்கும்.

அதன்பிறகு, இணையம் இல்லாமலே, தண்டர்பேர்டைத் திறங்கள். ‘வொர்க் ஆஃப்லைன்’ தெரிவைப் போடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டராக லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுங்கள். அனுப்பிய கடிதங்களை முதலில் எடுங்கள். அப்பாவின் சொற்கள் இருப்பது அங்கேதான். பாப் முறையில் அவர் அமைத்திருந்தால் கடிதங்கள் ஏற்கெனவே இந்தக் கணினியில்தான் முழுதாக இருக்கும். ஐமேப் என்றால் சிலவற்றின் தலைப்பு மட்டும் இறங்கியிருக்கலாம். எவை அப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவற்றுக்காக மெயில் நிறுவனத்தை அணுக வேண்டியிருக்கும். காலமானவரின் கணக்கு குறித்து வாரிசுகள் விண்ணப்பிக்கப் பெரிய நிறுவனங்களில் தனிப் படிவம் உண்டு. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். விண்ணப்பித்தாலே கொடுத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்திவருகிறது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இத்தனை மாதம் நான் வரவில்லை என்றால் இன்னாருக்குத் தகவல் சொல், என் மெயிலை எடுத்துக்கொள்ள அனுமதி கொடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இன்றே எழுதிவையுங்கள்.

கேள்வி: எம்பாக்ஸ் கோப்பை எடிட்டரில் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கிலச் சொற்கள் அகப்படுகின்றன. தமிழ் மெயில்கள் கெட்டுப்போய்விட்டனவா?

கெடவில்லை. மெயில் என்பது ஆங்கில எழுத்துகளை மட்டும் கடத்தும் காலத்தில் பிறந்தது. மற்ற எழுத்துகளை அந்தக் குழாய்க்குள் நுழையும்படி உருமாற்றித்தான் அனுப்புகிறார்கள். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ‘அ’ மூன்று பைட். உருமாற்றும் முறைகளில் ஒன்றான கோட்டட்-பிரின்டபிளில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறி, இரண்டு எழுத்து என்று மாறும். ஆக ‘அ’வுக்கு மட்டும் 9 குறிகள்; ‘கா’ என்றால் ககரமும் காலும் தனித்தனிக் குறியீடுகள், ஆக 18. பேஸ்64 முறையில் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, வெறும் ஆங்கிலக் குப்பை போலத் தெரியும். அட்டாச்மென்ட்டுகளும் இந்த முறையில்தான் பயணிக்கின்றன. அதனால்தான் கோப்பின் அளவைவிட மெயிலின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது.

எனவே எடிட்டரில் தேடாதீர்கள். மெயில் நிரல்வழியே தேடினால் அது உருமாற்றத்தை அவிழ்த்துவிட்டுத் தேடும். அப்போதும் ‘கொ’ போன்ற எழுத்துகள் சில சமயம் சிக்காது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒகரம் இல்லாத வேறொரு சொல்லைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய தமிழ் மெயில்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கும். அவற்றில் பல, யூனிகோடு பரவுமுன் புழங்கிய திஸ்கி, டாப் என்ற தமிழ்க் குறியீடுகளில் எழுதியவை. திறந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இணையத் தமிழின் முதல் தலைமுறைக் கடிதங்கள் அவை. லினக்ஸில் இருக்கும் ‘ஐகான்வ்’ கருவிக்கு திஸ்கி தெரியும். ஒரு கட்டளையில் யூனிகோடுக்கு மாற்றிவிடும். மாற்றியதைத் தனியாகச் சேமியுங்கள். மூலக் கடிதம் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். எல்லா ஃபோல்டர்களையும் கணினிக்கு இறக்க வேண்டும். மெயில் இறக்கும் நிரல்களில் ஃபெட்ச்மெயில், கெட்மெயில், எம்பிசின்க் என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. எது?

உங்கள் தேவைக்கு எம்பிசின்க். ஐமேப் ஃபோல்டர்களை மெயில்டிராக இறக்கிவைக்கும். அமைப்புக் கோப்பில் ‘சின்க்’ என்ற இடத்தில் ‘புல்நியூ’ என்று மட்டும் கொடுங்கள். புதிய கடிதங்கள் வரும். சர்வரில் நடக்கும் அழிப்பு இந்தப் பக்கம் வராது. பாஸ்வேர்டை அந்தக் கோப்பிலேயே எழுதிவைக்காமல், ‘பாஸ்சிஎம்டி’ வழியே பாஸ்வேர்டு மேலாளரிடமிருந்து எடுக்கச் சொல்லுங்கள். என் கணினியில் இது இரவுதோறும் தானே ஓடுகிறது. வெவ்வேறு நிறுவனங்களில் இருக்கும் என் கணக்குகள் எல்லாம் ஒரே மெயில்டிரின் கீழ் வந்து சேர்கின்றன. தேடுவதற்கு நாட்மச் வைத்திருக்கிறேன்.

கெட்மெயில் பாப் கணக்குகளுக்கு நல்லது. ஃபெட்ச்மெயில் மூத்தது, உறுதியானது. ஆனால் ‘கீப்’ என்று சொல்லாவிட்டால் எடுத்த கடிதத்தை சர்வரிலிருந்து அழித்துவிடும். முதல் முறை ஓட்டுமுன் அதைப் பாருங்கள்.

கேள்வி: நான் இருப்பது முழு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) தரும் புரோட்டான் மெயிலில். தண்டர்பேர்டு சேர மறுக்கிறதே?

நேரடியாகச் சேராது. கடிதம் சர்வரில் மறையாக்கத்தோடு இருப்பதால், அதை உங்கள் கணினியில் அவிழ்த்து ஐமேப்பாகக் காட்ட ‘பிரிட்ஜ்’ என்ற நிரல் வேண்டும். கட்டணக் கணக்குகளுக்குத்தான் அது கிடைக்கிறது. அவிழ்த்த கடிதங்கள் உங்கள் டிஸ்க்கில் வெறும் எழுத்தாக இருக்கும் என்பதால் டிஸ்க்கையே மறையாக்கம் செய்துவிடுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் மெயிலைக் கணினிக்கு இறக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: மெயில்கள் என் கணினிக்கு வந்துவிட்டன, சரி. ஆனால் முகவரி இன்னும் அந்த நிறுவனத்தின் பெயரில்தானே இருக்கிறது? நாளைக்கே கணக்கை மூடினால் யாரும் எனக்கு எழுத முடியாதே?

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். பழைய கடிதங்களைக் காப்பாற்ற நகல் போதும். வரப்போகிற கடிதங்களுக்கு, @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். அதாவது சொந்த டொமைன்.

டொமைன் ஒன்றைப் பதிவுசெய்தால் அதற்கான டி.என்.எஸ். பக்கத்தில், அதாவது அந்தப் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்ற விவரங்கள் இருக்கும் பக்கத்தில், ‘எம்எக்ஸ்’ என்ற பதிவு இருக்கும். இந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று உலகத்துக்குச் சொல்வது அதுதான். சொந்த டொமைனை ஏற்றுக்கொள்ளும் ஒரு கட்டண மெயில் சேவையைத் தேர்ந்தெடுத்து, எம்எக்ஸ் பதிவை அங்கே திருப்புங்கள். நாளை அந்தச் சேவை பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குத் திருப்பிவிடலாம். முகவரி மாறாது, யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம். பழைய இடத்துக் கடிதங்களைப் புதிய இடத்துக்கு மாற்ற, தண்டர்பேர்டில் இரண்டு கணக்கையும் சேர்த்து ஃபோல்டர்களை நகலெடுத்தாலே போதும்.

சேவையை மாற்றும்போது அதே டி.என்.எஸ். பக்கத்தில் உள்ள எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் புதிய சேவை சொல்கிறபடி திருத்துங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். கடிதத்தில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது டிகிம். விட்டுவிட்டால் நீங்கள் அனுப்பும் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போகலாம்.

வீட்டிலேயே சர்வர் நடத்தலாமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் கடத்தும் 25ஆம் எண் போர்ட்டை வீட்டு இணைப்புகளில் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் வீட்டு ஐ.பி. முகவரியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் நம்புவதில்லை. கடிதங்களும் முகவரியும் உங்களிடம் இருக்கும்போது, சர்வர் யாருடையதாக இருந்தால் என்ன?

பழைய கணக்கை உடனே மூடாமல், அங்கே வருவது புதிய முகவரிக்கு வந்து சேரும்படி ஃபார்வர்டு போட்டுவையுங்கள். டொமைனைச் சேர்ந்தாற்போல் சில ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிடுங்கள். பதிவு நிறுவனத்திடம் தொடர்பு முகவரி கேட்கும்போது அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். கெடு முடிந்து டொமைன் நின்றுபோனால், அதை மீட்கச் சொல்லி வரும் கடிதமும் வந்து சேராது.